ஆள்வோருக்காகவும் பகைவருக்காகவும் மன்றாடுவது: முல்லைத்தீவுச் சகோதரி ஒருவரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டவர். இன்றுவரை அவரைப் பற்றி ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் திகதியை அடுத்து வந்த ஞாயிறு திருப்பலியில் ஜனாதிபதிக்காகவும் அமைச்சர்களுக்காகவும் பாதுகாப்புப் படையினருக்காகவும் மன்றாட்டு வாசிக்கப்பட்டபோது, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அது பாவமா, சொல்லியிருந்தால் தம்பிக்குத் துரோகம் செய்ததாகியிருக்குமா, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் போராட்டப் பந்தலில் இருக்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது, "ஏன் அம்மா நீங்கள் சொல்லவில்லை?" என்று கேட்ட பத்து வயது மகனுக்கு என்ன சொல்வது என்பவையே நீங்கள் கேட்டவை.

பாவமில்லை. துயரத்தில் நின்றவர் எவரையும் இயேசு இப்போதே இதைச் சொல் என்று வற்புறுத்தியதாக நற்செய்திகளில் எங்கும் இல்லை. அதோடு, அந்த மன்றாட்டு ஒருவருடைய தனிச் செபமன்று. சபை முழுவதும் சேர்ந்து எழுப்புவது. ஒருவரால் சொல்ல முடியாத நாளில் பக்கத்து வாங்கில் நிற்பவர் சொல்கிறார். பொதுச் செபம் இருப்பதே அதற்காகத்தான்.

ஆனால் உங்களை ஆறுதற்படுத்துவதற்காக, அப்படி ஒரு கடமையே கிறிஸ்தவருக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. கடமை உண்டு. அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதை நாங்கள் சரிவரக் கற்பிக்காததாலேயே உங்களுக்கு அது துரோகம்போலத் தோன்றுகிறது. ஆள்பவருக்காகச் செபித்தால் அவர் செய்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்றும், பகைவருக்காகச் செபித்தால் நடந்ததை மறந்ததாகிவிடும் என்றும் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மறைநூலை எடுத்துப் பார்த்தால், அந்தச் செபம் நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல், ஆள்பவரையும் தீங்கு செய்தவரையும் அவர்களுக்கு மேலான நடுவர் முன் கொண்டுபோய் நிறுத்துகிற செயலாகவே இருக்கிறது.

கட்டளைகள் இரண்டு. மலைப்பொழிவில் இயேசு, பகைவரிடம் அன்பு கூருமாறும் துன்புறுத்துவோருக்காக இறைவனிடம் வேண்டுமாறும் சொன்னார் (மத்தேயு 5:44). திமொத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், அரசர்களுக்காகவும் உயர்நிலையில் உள்ள அனைவருக்காகவும் மன்றாடச் சொல்லி, நாங்கள் தொல்லையின்றி, அமைதியாக, கண்ணியத்தோடு வாழ்வதற்காகவே அப்படி மன்றாட வேண்டும் என்று காரணமும் கூறுகிறது. மரபின்படி அது எழுதப்பட்ட காலத்தில் உரோமையை ஆண்டவன் நீரோ. கிறிஸ்தவரைக் கொடுமையாகக் கொன்றவன். நல்ல அரசனுக்காகச் செபியுங்கள் என்று பவுல் சொல்லவில்லை என்பதையும், அரசனுடைய வெற்றியையோ புகழையோ கேட்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கேட்கச் சொன்னது, ஆளப்படுகிறவர்கள் மனிதராக வாழ வேண்டும் என்பதை. வன்னியில் எந்தத் தாயும் இதைக் கேட்கத் தயங்கமாட்டாள்.

இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். சிமிர்னா நகரின் ஆயராயிருந்த புனித பொலிக்கார்ப்பு, பிலிப்பி நகர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில், அரசர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும், உங்களைத் துன்புறுத்தி வெறுப்பவர்களுக்காகவும் செபியுங்கள் என்று அடுத்தடுத்துச் சொல்கிறார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவருக்கு ஆள்பவரும் துன்புறுத்துபவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்ததால், நீங்கள் இன்று நிற்கும் இடம் அவர்களுக்குப் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவரையே பிடிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு உணவு கொடுக்கச் சொல்லிவிட்டு, செபிப்பதற்கு ஒரு மணி நேரம் கேட்டு, தம் வாழ்நாளில் சந்தித்த பெரியோர் சிறியோர் எல்லாரையும் நினைத்து இரண்டு மணி நேரம் நின்றபடியே செபித்தார் என்று அவருடைய மறைசாட்சியத்தை எழுதிவைத்தவர்கள் சொல்கிறார்கள். பின்னர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அதிகாரி, "சீசரே ஆண்டவர் என்று சொல்லித் தூபமிடுவதில் என்ன கெட்டுப்போகிறது?" என்று நயமாகக் கேட்டபோது மறுத்தார், மறுத்ததற்காக எரிக்கப்பட்டார். சீசருக்காகச் செபிக்கச் சொன்னவர், சீசருக்குத் தூபமிட மறுத்து உயிரைக் கொடுத்திருக்கிறார்.

அந்த வேறுபாடு எங்கள் ஊர்களுக்கும் வேண்டியது. ஓர் ஆட்சியாளருடைய மனம் திரும்பவும் அவர் நீதி செய்யவும் மன்றாடுவது கடமை. வெற்றிச் சின்னம் ஒன்றைத் திறந்துவைக்கும் சர்வமத நிகழ்வில் போய் நின்று ஆசீர் வழங்குவது கடமையன்று, அதை மறுக்கும் குருவானவர் செபிக்க மறுத்தவர் ஆகமாட்டார். அந்தக் கட்டாயத்துக்குள் சிக்கும் குருமார் வடக்கில் எவ்வளவு நெருக்கடியில் பணி செய்கிறார்கள் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

இறைவாக்கினர் எரேமியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் எழுதியது முகாமில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு அவர் அனுப்பிய கடிதம் எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் செய்யுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களை நாடுகடத்திய அந்த நகரின் நலத்துக்காக ஆண்டவரிடம் மன்றாடுங்கள், அதன் நலத்திலேதான் உங்கள் நலமும் இருக்கிறது என்கிறார். போர் முடிந்தபின் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு இந்த வரிகள் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். சிலருக்கு அது சரணாகதிபோலத்தான் கேட்டது.

ஆனால் அதே எரேமியாதான், மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு, அமைதியில்லாத இடத்தில் "அமைதி, அமைதி" என்று சொல்லும் குருக்களையும் இறைவாக்கினரையும் 6ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அதே எரேமியாதான், பாபிலோன்மீது வரப்போகும் தீர்ப்பு முழுவதையும் ஒரு சுருளில் எழுதி, அந்த நகருக்கே கொடுத்தனுப்பி, அங்கே வாசித்த பின் கல்லைக் கட்டி யூப்பிரத்தீசு ஆற்றில் எறியச் சொன்னார். அது 51ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. நகரத்துக்காக மன்றாடச் சொன்ன கடிதமும் நகரத்தின் குற்றத்தை எழுதிய சுருளும் ஒரே மனிதனிடமிருந்து ஒரே ஊருக்குப் போயின. நம் பிரசங்கங்களில் முதலாவதை மட்டும் எடுத்துச் சொல்லி, இரண்டாவதைக் கைவிடுவது நேர்மையாகாது.

புதிய ஏற்பாட்டில் முதல் மறைசாட்சியான ஸ்தேவானும் அப்படியே. திருத்தூதர் பணிகள் 7ஆம் அதிகாரத்தில், நேர்மையாளரைக் காட்டிக்கொடுத்துக் கொன்றவர்கள் நீங்கள் என்று தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்ன அதே வாய், கல்லெறிபட்டுச் சாகும்போது இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதேயும் என்று மன்றாடியது. முன்பு சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்ற இளைஞன் பின்னாளில் பவுல் ஆனான். ஸ்தேவான் செபித்திராவிட்டால் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் என்று புனித அகுஸ்தினார் மறையுரை ஒன்றில் சொன்னதுண்டு.

உங்களிடம் இன்று கேட்கப்படுவது மன்னிப்பு அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு பெரிய விடயம். அதற்கு உண்மை வேண்டும், காலம் வேண்டும், எதை மன்னிப்பது என்றாவது தெரிய வேண்டும். தம்பி உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவரிடம் முழுமையான மன்னிப்பைக் கேட்பது, இன்னும் எழுதப்படாத கணக்கைத் தீர்க்கச் சொல்வதற்கு ஒப்பானது. செபத்துக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. சிலுவையில் இயேசுவும், நான் உங்களை மன்னிக்கிறேன் என்று படைவீரரிடம் பேசவில்லை. தந்தையிடம் பேசினார், மன்னிக்கும்படி அவரைக் கேட்டார். மனிதரோடு பேச முடியாத இடத்திலும் இறைவனோடு பேச இடமிருக்கிறது.

அந்தப் பேச்சு இனிமையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருப்பாடல் 109ஐ வாசித்திருப்பீர்கள். பகைவனின் பிள்ளைகள் தந்தையற்றவர்களாகட்டும், மனைவி கைம்பெண் ஆகட்டும் என்று அது கேட்கிறது. வாசிக்கக் கூசும் வரிகள். ஆனாலும் அவை மறைநூலில் இருக்கின்றன. பழிவாங்கும் ஆசையைக் கையில் எடுக்காமல், அதை அப்படியே இறைவனிடம் ஒப்படைத்தவர்களின் செபம் அது. "பழிவாங்குவது எனக்குரியது" என்று ஆண்டவர் சொன்னதைப் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் எடுத்துச் சொல்லி, அதற்கு அடுத்த வரியிலேயே பகைவன் பசித்திருந்தால் உணவு கொடு என்கிறார். முதலில் ஒப்படைத்தவருக்கே இரண்டாவது இயலும். ஆகவே உங்களுக்கு வருவது அழுகையும் சாபமும்தான் என்றால் அவற்றோடு தொடங்குங்கள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் நாங்கள் இருந்த பங்கர், மார்பளவு ஆழத்துக்கு மணலைத் தோண்டி, கலியாணச் சேலைகளைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளை மேலே அடுக்கிய குழி. செல் (எறிகணை) வரத் தொடங்கினால் செபமாலையைக் கையில் எடுத்து, "எங்களுக்கு மேலே விழக்கூடாது மாதாவே" என்றுதான் எல்லாரும் கேட்டோம். எங்களுக்கு மேலே விழாத செல் அடுத்த தறப்பாளுக்குள் விழுந்தது. அதன் பிறகு எங்களோடு இருந்த வயதான அம்மா ஒருவர் அந்தச் செபத்தை மாற்றினார். "அடிக்கிறவன்ர கையை நிப்பாட்டும் ஆண்டவரே" என்று செபமாலையின் ஒவ்வொரு காரணிக்கத்தின் (பத்து மணிகளின்) முடிவிலும் சொன்னார். இறையியல் படித்தவரல்ல அவர். பகைவருக்கான செபத்தைக் கற்பிக்கச் சொன்னால் நான் இன்றும் அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குவேன். அடிக்கிறவனுடைய கை நின்றால் எங்கள் உயிர் தப்பும். அவனும் இன்னொரு கொலையிலிருந்து தப்புவான். அவனுக்காக முதலில் கேட்கக்கூடிய நன்மை அதுதான்.

பகைவர் என்றவுடன் எங்கள் மனதில் சீருடையோடு ஒருவர் வந்து நிற்கிறார். அது இயல்பு. ஆனால் வன்னியில் இருந்தவர்களுக்கு அதோடு பட்டியல் முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கட்டாயமாகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், கடலேரியைக் கடக்க முயன்றவர்களைச் சுட்டவர்கள், முகாமில் தலையாட்டியாக நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்கள், பதிவுக்குப் போன இடத்தில் அயலவரின் பெயரைச் சொன்னவர்கள் என்று எங்கள் மொழியைப் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் ஒருவருக்காகச் செபிப்பதைவிட, அதே ஊரில் குடியிருந்து அதே கோயிலுக்கு வந்து நற்கருணை வாங்கும் ஒருவருக்காகச் செபிப்பது எத்தனையோ மடங்கு கடினம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி மடு மாதாவின் திருப்பதிக்கு வந்தபோது, நாங்கள் செய்யக்கூடியதும் எங்களுக்குப் பங்கிருந்ததுமான தீமையைச் சிலுவையின் ஒளியில் உணரும்போதுதான் உண்மையான மனத்துயரும் மனமாற்றமும் வரும் என்ற கருத்தில் பேசினார். அதற்கு முந்திய நாள் வந்திறங்கியபோது, உண்மையைத் தேடுவது பழைய காயங்களைக் கிளறுவதற்காக அல்ல, நீதிக்கும் குணமாக்கலுக்கும் ஒற்றுமைக்கும் அது தேவை என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவதை மட்டும் எங்களிடம் சொல்லி இரண்டாவதை மறைப்பவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கேட்க மறுப்பவர்களும் உண்டு.

மடுவில் 15 ஆவணித் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து சிங்களக் குடும்பங்களும் வருகின்றன. படையில் சேர்ந்து காணாமற்போன மகன்களின் பெற்றோர் தெற்கிலும் உண்டு. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்காக இயற்றப்பட்ட சட்டமும் அவர்களை உள்ளடக்கியது. உங்கள் துயரும் அவர்களுடையதும் ஒன்று என்று சொல்லவரவில்லை. கையளித்த பின் இல்லாமற்போனது வேறு, போர்க்களத்தில் காணாமற்போனது வேறு. ஆனாலும் படையினருக்காக மன்றாட்டு வாசிக்கப்படும்போது உங்களுக்குக் கட்டளையிட்டவர்களின் முகம் மட்டும் தெரிந்தால், அந்தப் பெற்றோரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். வாய் திறப்பது சிறிது எளிதாகலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பல பங்குகளில் விசுவாசிகள் மன்றாட்டு, போன வருடத்துத் தாளிலிருந்து அப்படியே வாசிக்கப்படுகிறது. "எமது நாட்டுத் தலைவர்களுக்கு ஞானத்தைத் தந்து நல்லாட்சி நடத்த அருள்புரியும்" என்ற அந்த வரி பிழையானதன்று. ஆனால் எந்த நாட்டிலும் எந்த ஆண்டிலும் வாசிக்கக்கூடிய வரி. வட்டுவாகலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோயிலில் அதை வாசித்தால், எங்கள் கதை ஒன்றும் அதற்குள் இல்லாததால் அது பொய்போல ஒலிக்கிறது. மன்றாட்டுகளுக்குத் திருவழிபாட்டு விதி தரும் ஒழுங்கு, திருச்சபையின் தேவைகள், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர், உள்ளூர்ச் சபை என்பது. அந்த ஒழுங்குக்குள் சொற்களை அமைக்கும் உரிமை சபைக்கு உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் பேசி, உங்கள் அன்பியக் குழுவின் (பங்கில் அயலிலுள்ள குடும்பங்கள் சேர்ந்த குழுவின்) முறை வரும் ஞாயிறுக்கு இப்படி எழுதிக்கொடுங்கள்:

"எங்கள் நாட்டை ஆளும் ஜனாதிபதிக்காகவும் அமைச்சர்களுக்காகவும் மன்றாடுகிறோம். கையளிக்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் துணிவையும், மக்களின் காணிகளை மக்களிடமே திருப்பிக் கொடுக்கும் நேர்மையையும் அவர்களுக்குத் தந்தருளும்."

"எங்களுக்குத் தீங்கு செய்தவர்களுக்காகவும், அதைக் கண்டும் பேசாதிருப்பவர்களுக்காகவும் மன்றாடுகிறோம். தாம் அறிந்ததைச் சொல்லாமல் அமைதி கொள்ள முடியாதபடி அவர்களுடைய மனச்சாட்சியை எழுப்பி, அவர்களை மனந்திருப்பியருளும்."

இவற்றுக்கு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று உங்களால் சொல்ல முடியும் என்றே நம்புகிறேன். கட்டளை கேட்பதில் ஒரு துளியும் இதில் குறையவில்லை. ஜனாதிபதிகள் மாறினாலும், 2015இலும் 2019இலும் 2022இலும் 2024இலும் மாறியதுபோல, இந்த மன்றாட்டு மாறத் தேவையில்லை. நாங்கள் வாக்களித்தவர் வந்தால் உரக்கவும் மற்றவர் வந்தால் மெல்லவும் சொல்லும் செபம் அரசியலாகிவிடும். உயர்நிலையில் உள்ள அனைவரும் என்று பவுல் சொன்னதற்குள் கிராம அலுவலரும், பிரதேச செயலாளரும், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியும், பாடசாலை அதிபரும், எங்கள் ஆயர்களும் அடங்குவார்கள். வீட்டுச் செபத்தில் அவர்களைப் பெயர் சொல்லியே செபிக்கலாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். செபிப்பதானால் பந்தலை விட்டு எழும்ப வேண்டுமா என்ற அவருடைய ஐயத்துக்கு லூக்கா 18ஆம் அதிகாரமே போதும். மனந்தளராமல் எப்பொழுதும் செபிக்க வேண்டும் என்று கற்பிக்க இயேசு எடுத்துக்கொண்ட உதாரணம், நேர்மையற்ற நடுவன் ஒருவனிடம் ஓயாமல் போய், எனக்கு நீதி வழங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த கைம்பெண். 2017 முதல் தெருவோரத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் எங்கள் தாய்மார் செய்வதும் அதுவே. அவர் அங்கேயே இருக்கட்டும். செபமாலையும் கையில் இருக்கட்டும்.

மகனுக்கு உண்மையைச் சொல்லுங்கள். பத்து வயது போதும். மாமாவை எங்கே, எந்த மாதம், யார் முன்னிலையில் கையளித்தீர்கள் என்பதையும், எத்தனை இடத்தில் கேட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதையும் முதலில் சொல்லுங்கள். அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் மற்றவர்கள் அம்மாவுக்காகவும் சேர்த்துச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். பிறகு மேலே எழுதிய இரண்டு மன்றாட்டுகளில் ஒன்றை அவனிடமே கொடுத்து வாசித்துப் பழகச் சொல்லலாம்; எங்கள் பக்கத்தில் திருப்பலியில் மன்றாட்டு வாசிப்பவர்களில் பாதிப் பேர் அவன் வயதுப் பிள்ளைகள்தான்.